எதிர்முனையில் இருப்பவர்

மைக்ரோசாப்ட் அஷூர் மேகத்தை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் கேட்வே இணைப்பில், இரு முனைகளும் பகிரும் ரகசியச் சாவியைப் (ஷேர்டு கீ) புதுப்பிக்க ஒரே ஒரு பவர்ஷெல் கட்டளை போதும். எத்தனை எழுத்து நீளம் என்று 1 முதல் 128க்குள் ஓர் எண் கொடுத்தால் புதிய சாவியை அதுவே உருவாக்கிவிடும். (ஓர் எழுத்துச் சாவிக்கும் இடம் வைத்திருப்பது வேடிக்கைதான்.) கட்டளை வெற்றி என்று திரை சொல்லும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மறுபாதி அலுவலகத்து ஃபயர்வாலில் இருக்கிறது. அங்கே பழைய சாவியே கிடந்தால், அடுத்த முறை இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போது அந்த மறையாக்க (ஐபிசெக்) இணைப்பு எழும்பாது.

இந்தச் சாவி கம்பிவழி போவதே இல்லை. அதைக் கொண்டு போட்ட கணக்கின் விடை மட்டுமே போகும். "நான்தான்" என்று நிரூபிக்க அது போதும். தகவலைப் பூட்டும் சாவிகள் வேறு. டிஃபி–ஹெல்மன் முறையில் இரு முனைகளும் சேர்ந்து அவற்றை உருவாக்குகின்றன, காலாவதியானால் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. அஷூரில் இரு முனைகளும் செய்துகொள்ளும் முதற்கட்ட ஒப்பந்தத்தின் ஆயுள் 28,800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம். யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அடையாளத்தைக் காட்டும் அந்த ஒரு சாவியை மட்டும் மனிதர்களிடம் விட்டிருக்கிறோம். அதை வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது அப்படியே இருக்கும்.

1883இல் சங்கேதவியலாளர் கெர்க்காஃப்ஸ் ராணுவச் சங்கேதத்துக்கு ஆறு நிபந்தனைகள் எழுதினார். முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை என்ற இரண்டாவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதை நான் பெரிதாக நினைக்கிறேன்: சாவியை எழுதி வைக்காமலே மனதில் கொள்ள முடிய வேண்டும், கடிதம் எழுதிக்கொள்பவர்கள் விரும்பியபோது அதை மாற்றவும் முடிய வேண்டும். 128 எழுத்தை மனதில் கொள்வது எளிதல்ல. அதனால் அது மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அலைகிறது. மாற்றுவதோ, இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். இருவர் காக்கும் ரகசியத்தைப் பழசாக்குவது பெரும்பாலும் எதிரியின் கணக்கு அல்ல, "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இவர்கள் தள்ளிப்போடுவதுதான்.

இரு முனையும் நம்முடையதென்றால் ஒரே ஸ்கிரிப்ட் இரண்டையும் மாற்றிவிடும். எதிர்முனை வேறொரு நிறுவனத்துடையதென்றால், அவர்களுடைய ஃபயர்வாலைத் தொட நமக்கு உரிமை கிடையாது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு நள்ளிரவைப் பேசி முடிவு செய்து, அவர்களில் ஒருவரும் நம்மில் ஒருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.