விடுகிற மீன்

பாபநாசம் படித்துறையில் ஒரு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு இரண்டு படி இறங்கினால் போதும், மீன்கள் காலடிக்கு வந்துவிடும். கறுத்துத் தடித்த மீன்கள். குழந்தைகள் கையை நீட்டினால் விரலைக் கவ்விப் பார்த்துவிட்டு விலகும். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. காவலுக்கு ஆள் வேண்டாம், பாபநாசநாதர் இருக்கிறார். அதே ஆறு பஞ்சாலையைக் கடந்து விக்கிரமசிங்கபுரத்துக்குக் கீழே வந்துவிட்டால், அந்த மீன்களின் அண்ணன் தம்பிகளைப் பிடித்துக் குழம்பு வைப்போம். அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் படித்துறையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கீழே நடந்துபோய்த்தான் தூண்டிலை எடுப்பார். வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் படித்துறை மீனை அவர் பார்த்தது பார்வையோடு சரி.

இது வேஷம் என்று என்னோடு ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த பகுத்தறிவுக்காரர் ஒருவர் சொல்வார். கொல்வது பாவம் என்றால் எங்கேயும் பாவம்தானே? வள்ளுவர் அவர் பக்கம். புலால் மறுத்தலிலும் கொல்லாமையிலும் இடம் பார்த்து, நாள் பார்த்துச் சலுகை கிடையாது. அவையிரண்டும் துறவறவியலில் வருகிற அதிகாரங்கள், நமக்குச் சொன்னதில்லை என்று அப்பா நழுவிவிடுவார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் சட்டியைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, ஆகவே மீன். சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பொரியும் வாசம், இந்தப் பக்கம் விரதம். இரண்டும் பக்திதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் சாமிகளுக்கே இந்த ஏற்பாடு உண்டு. காரையாறு போகிற வழியில் சொரிமுத்து அய்யனார். அய்யனார் சைவம், அவருக்குப் பொங்கலும் பழமும். அதே வளாகத்தில் காவல் நிற்கிற தெய்வங்களுக்குக் கிடாய். முன்பெல்லாம் ஆடி அமாவாசைக்கு ஊரே பாத்திரம் பண்டத்தோடு காட்டுக்குப் போய்க் குடில் போட்டுத் தங்கும். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் கொலுவிருப்பார். இப்போது வனத்துறை நாள்களைச் சுருக்கிவிட்டது, மலையும் 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆனாலும் குடும்பம் குடும்பமாக ஆற்றோரம் படுத்து, காலையில் குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழுவதற்கு இன்னும் ஆள் வருகிறது. அதே கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புக் கட்டுவார்கள். அந்தணனாய்ப் பிறந்து, செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்கள் இருவரை மணந்துகொண்டு, மாடு காக்கப் போய் உயிர்விட்டவன் அவன். கட்டிய செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், அவன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான் என்பார்கள். கொல்லலாமா என்று இந்த மலையில் யாரும் மொட்டையாகக் கேட்பதில்லை. இங்கேயா, இன்றைக்கா, யாருக்காக என்றுதான் கேட்கிறார்கள்.

இப்படியே நான் நிம்மதியாக இருந்திருப்பேன். என் அக்கா மகன் கலிபோர்னியாவிலிருந்து மனைவி, மகளோடு ஆடி அமாவாசைக்கு வந்தான். அவனுக்கு அங்கே கோடையானால் ஒரே வேலைதான். கூடாரம், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு சியரா நெவாடா மலைமேல் ஏறுவது, கார் போகாத ஏரிக்கரையில் குடும்பத்தோடு தங்குவது, டிரௌட் மீன் பிடிப்பது. சாப்பாட்டைக் கரடி தொடாமலிருக்கக் கெட்டியான டப்பாவில் பூட்டி வைக்க வேண்டுமாம். காரையாறு அணைத் தண்ணீரையும் மேலே பொதிகையையும் பார்த்ததும் அவன் கை துறுதுறுத்தது. காப்பகத்துக்குள் தூண்டிலே கூடாது என்று சொல்லி, திரும்பி வந்ததும் நதியுண்ணிக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போனேன்.

கெண்டை ஒன்று சிக்கியது. கையை நனைத்துக்கொண்டு பதமாகப் பிடித்தான், முள்ளைக் கழற்றினான், தண்ணீரில் விட்டுவிட்டான்.

“என்னடே இது?”

“அங்க இப்பிடித்தான் மாமா. முள்ளுல எதிர்முள்ள நசுக்கிருவேன், மீனுக்குக் காயம் கொஞ்சம்தான். ஏரியில மீன் இருந்துக்கிட்டே இருக்கும். பிள்ளையும் உயிரக் கொல்லாம ஒரு உயிரத் தொட்டுப் பார்க்கா.”

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. பசிக்குப் பிடித்தவன் மீனிடம் கடன்படுகிறான், சாப்பிடும்போது அது அவனுக்குத் தெரியும். விளையாட்டுக்குப் பிடித்து விட்டவன் அந்த மீனின் பயத்தை எடுத்துக்கொண்டு கருணையாளனாகவும் வீட்டுக்குப் போகிறான். அவனுக்குச் சேதாரம் என்ன?

அவனுக்கு அதிபத்தர் கதை சொன்னேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர், அறுபத்துமூவரில் ஒருவர். வலையில் விழுவதில் ஒரு மீனைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். வரத்துக் குறைந்து நாளுக்கு ஒற்றை மீன் விழ ஆரம்பித்தது. அதையும் விட்டார். செல்வம் போயிற்று, பட்டினி வந்தது. கடைசியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் விழுந்தது, அதையும் விட்டார். அவர் விட்டதும் மீன்தான், நீ விட்டதும் மீன்தான். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பாபநாசத்தில் பாவம் போக்க வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய துணி போனால் யாருக்கு நஷ்டம்? மூட்டை மூட்டையாக அள்ளிக் கரையில் போடுகிறவர்களுக்கும் மீனுக்கும்தான். எதையும் இழக்காமல் விடுவதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க எனக்கு மனசில்லை என்றேன்.

மருமகன் கோபப்படவில்லை. தான் இழந்த ஒன்றைச் சொன்னான். அந்த உயர்ந்த மலை ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீனே கிடையாதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கோவேறு கழுதை மேல் தகர டப்பாவில் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், பிறகு விமானத்திலிருந்தும் கொட்டியிருக்கிறார்கள், எல்லாம் தூண்டில்காரர்களின் சந்தோஷத்துக்காக. அந்த மீன் அங்கிருந்த மஞ்சள் கால் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றது. நோயும் சேர்ந்துகொள்ள, தவளை அழியும் நிலைக்குப் போய் 2014இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. இப்போது தேசியப் பூங்காக்காரர்களே சில ஏரிகளில் வலை போட்டு மீனையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். தவளை திரும்ப வருகிறது. அவன் மகள் முதல் மீன் பிடித்த ஏரியும் அதில் ஒன்று. “இனிமே அங்க தூண்டிலுக்கு வேலை இல்ல மாமா. போவோம், உக்காந்து தவளைச் சத்தம் கேட்டுட்டு வருவோம். எனக்குச் சம்மதந்தான்.”

தவளைக்கு இரங்கி மீனைக் கொல்கிறார்கள். எந்த அதிகாரத்தில் இதற்கு விடை இருக்கிறது? ஆனாலும் ஒன்று புரிந்தது. மீனை விட்டபோது அவன் எதையும் விடவில்லை. அந்த ஏரியை விட்டபோது ஏதோ விட்டிருக்கிறான். அதிபத்தர் பக்கத்தில் அவனுக்கு ஒரு சின்ன இடம் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் மகள் கேட்டாள்:

“தாத்தா, அந்த அதிபத்தர் வீட்ல மத்தவங்களும் பட்டினியா? அவங்க ஓகே சொன்னாங்களா?”

ஐம்பது வருஷமாகக் கேட்டுவரும் கதையில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இழப்பு இருந்தால்தான் கருணை என்று தராசு பிடித்தேனே தவிர, இழப்பது யார் என்று பார்க்கவில்லை. பார்த்தால் இந்த மலையே வேறு மாதிரி தெரிகிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த காட்டில் மாஞ்சோலைத் தேயிலை வந்தது. குத்தகை 2028இல் முடிகிறது. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, புலிக்கும் ஆற்றுக்கும் அது நல்லது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் 2024இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையிறங்கச் சொன்னபோது, லயன் வீட்டையும் பிறந்த மண்ணையும் விட்டவர்கள் அவர்கள்தான். குத்தகை கொடுத்தவர்களோ எடுத்தவர்களோ அப்படி எதை விட்டார்கள்? இஞ்சிக்குழியில் இருக்கிற காணி மக்கள் அரிசி வாங்கவும் அணைத் தண்ணீரைத் தாண்டி வர வேண்டும். அவர்களிடம் போய்ப் புலிக்காக நாம் எல்லோரும் விட்டுக்கொடுப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா படித்துறை மீனைத் தொடாதபோது பட்டினி கிடந்தது அவர் மட்டுமில்லை, நாங்களும்தான். எங்களிடம் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேனா? அந்த வயசில் நிச்சயமாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் கேள்வியை அக்காவிடம் சொன்னேன். அவள் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு, மீன் வரும் என்று அடுப்படியில் காத்திருந்தவள்.

“பெரியபுராணத்துல எழுதியிருக்கோ இல்லையோ, அந்த வீட்டுப் பொம்பளைட்ட ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்” என்றாள். “இந்தா, என்ட்ட நீங்க கேட்டேளா?”

மருமகன் சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினான்.