தந்தையின் வழியும் தனயனின் துணிவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, ஆகமத்தைப் பற்றியோ உத்ஸவ க்ரமத்தைப் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். ஆயினும் ஸந்நிதியில் தீர்த்தமும் சடாரியும் ஸாதிக்கும் வேளையில், ஸேவார்த்திகள் பலர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது. "ஸ்வாமி, பையன் குலத்தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்கிறான். விடலாமா?" என்று நெசவாளர் ஒருவர் கேட்டார். விவசாயி ஒருவரும் இதையே கேட்டார். "நிலையான உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கத் துடிக்கிறான். துணியலாமா?" என்று கேட்ட தாய்மாரும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் திருத்துழாயைக் கையில் கொடுத்தனுப்பினேன். அது பொய்யன்று. எனினும் அது விடையுமன்று. பின்னால் வரிசை நிற்கிறது என்பது ஒரு காரணம். அதே கேள்வி அடியேனுடைய இல்லத்திலும் விடையின்றி நின்றது என்பது மற்றொரு காரணம். இன்று அவ்விடையைத் தேட முயல்கிறேன்.

தொழில் மாறலாகாது என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது ஸ்ரீமத் பகவத்கீதையை. ஸ்வதர்மத்தின் சிறப்பைக் கூறும் சுலோகம் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருமுறையும் பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒருமுறையும் வருகிறது; இரண்டின் முற்பகுதியும் ஒன்றே. ஆனால் நம் பாஷ்யகாரர் மூன்றாம் அத்தியாயத்தில் அதற்கு என்ன பொருள் அருளிச்செய்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உடலோடு கூடிய ஜீவனுக்கு இயல்பாக அமைந்த கர்மயோகமே ஸ்வதர்மம் என்றும், வழுக்கி விழ இடமுள்ள ஞானயோகமே இங்குப் பரதர்மம் என்றும் அவர் வ்யாக்யானம் செய்கிறார். தகப்பன் பிடித்த ஏரை மகன் பிடித்தே தீரவேண்டும் என்ற பேச்சு அங்கு இல்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் அவரவர்க்குரிய கர்மங்கள் பகுத்துக் கூறப்படுகின்றன என்பது மெய்யே. ஆனால் அதே இடத்தில், அடுத்த சுலோகத்திலேயே, நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லாத் தொடக்கங்களையும் ஏதேனும் ஒரு குற்றம் சூழ்ந்தே இருக்கும் என்றும் எம்பெருமான் உணர்த்துகிறான். ஆகவே குற்றமற்ற தொழில் என்று ஒன்றைத் தேடி ஓடுவதும் பேதைமை. இருக்கும் தொழிலில் குற்றமே இல்லை என்று ஸாதிப்பதும் பேதைமை.

இனி அடியேனுடைய கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் வயதில் ஸம்ஸ்க்ருத பாடசாலையில் சேர்க்கப்பெற்றேன். சப்தமும் அமரகோசமும் நெட்டுருவாயின. ரகுவம்சத்தில் சில ஸர்க்கங்கள் பாடமாயின. பின்னர் பாஞ்சராத்ர ஆகமத்தின் ப்ரயோகங்களைக் கற்றேன். பதினெட்டாம் வயதில் தகப்பனாருக்கு உதவியாக ஸந்நிதிக்குள் நுழைந்தேன். ஆனால் தட்டில் விழும் காசை எண்ணி அரிசி வாங்கும் வாழ்வு கசந்தது. தட்டெழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டு, 1991ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றேன்.

தகப்பனார் தடுக்கவில்லை. "போய் வா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதில் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வந்தபோது, அவருடைய வலத் தோளில் கறுத்துத் தடித்த ஒரு தழும்பைக் கண்டேன். என்னவென்று தாயாரைக் கேட்டேன். திருமஞ்சனத்துக்கும் தளிகைக்கும் கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் சுமப்பது அதுவரை அடியேனுடைய வேலையாக இருந்தது. அடியேன் சென்ற மறுநாள் முதல், அறுபதைக் கடந்த அவரே ஒரு நாழிகை முன்னதாக எழுந்து அந்தக் குடத்தைத் தூக்கலானார். துணிந்தவன் அடியேன், ஆனால் அத்துணிவின் பாரம் விழுந்தது அவர் தோளில்.

2000ஆம் ஆண்டில் அவர் ஆசார்யன் திருவடியை அடைந்தார். ஸந்நிதியில் விளக்கேற்ற ஆளில்லை. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். பெரிய தியாகம் என்று ஊரார் புகழ்ந்தனர்; அடியேனும் அப்புகழ்ச்சியை உள்ளூர ரஸித்தேன். ஆனால் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவன் என்று எண்ணி வாழ்க்கைப்பட்டு வந்தவள் தர்மபத்தினி. அவளிடம் அடியேன் கேட்கவில்லை; ராஜிநாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து அறிவித்தேன். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண் குழந்தையை நடு ஆண்டில் இங்கு அழைத்து வந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள், கோபமில்லாமல், பூத் தொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பெருமாள் கூப்பிட்டது உங்களை. எங்களை ஒருவரும் கேட்கவில்லையே." அச்சொல்லுக்கு இன்றளவும் அடியேனிடம் விடையில்லை. போனதும் குறையோடு, திரும்பியதும் குறையோடு. முன்பு கூறிய நெருப்பும் புகையும் உவமையை அன்றுதான் உள்ளபடி உணர்ந்தேன்.

அப்படியானால் பரம்பரை என்பதுதான் என்ன? நம் குருபரம்பரையையே சிறிது நோக்குவோம். நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார். இளமையிலேயே ராஜஸபையில் வாதில் வென்று, பாதி ராஜ்யம் பெற்று, அரச வாழ்வில் ஆழ்ந்துவிட்டார். பாட்டனாரின் ஞானச் செல்வம் அப்போது எங்கிருந்தது? அவருடைய திருக்குமாரரிடத்தில் இல்லை. நாதமுனிகளிடமிருந்து உய்யக்கொண்டாரிடத்தும், அவரிடமிருந்து மணக்கால் நம்பியிடத்தும் வந்து தங்கியிருந்தது. குடும்பத்திற்கு வெளியே இரண்டு தலைமுறை காத்துவைக்கப்பெற்ற பிறகே அது பேரனாரை வந்தடைந்தது. குடும்பம் வேறு, பரம்பரை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மணக்கால் நம்பி அவரைத் திருத்திய விதமும் சிந்திக்கத்தக்கது. "உன் பாட்டனாரின் வழியை மறந்தாயே" என்று அவர் அரண்மனை வாயிலில் நின்று இடித்துரைக்கவில்லை. பல மாதங்கள் நாள்தோறும் தூதுவளைக் கீரையைக் கொண்டுவந்து மடைப்பள்ளியில் சேர்த்தார். பின்பு ஒருநாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று ஆளவந்தார் கேட்கும்படி ஆயிற்று. பாட்டனார் சேர்த்துவைத்த நிதி ஒன்றை ஒப்படைக்க வந்தேன் என்று கூறி, முடிவில் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று பெரியபெருமாளைக் காட்டிக் கொடுத்தார். பெற்றோர்களாகிய நாம் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். பரம்பரையைப் பிள்ளையின் தலையில் சுமத்த இயலாது. அதன் சுவையை அவன் அறியும்படி செய்யலாம், காத்திருக்கலாம். அவ்வளவே நம் கையில் உள்ளது.

சட்டமும் இன்று வேறு விதமாக நிற்கிறது. அறநிலையச் சட்டத்தில் செய்யப்பெற்ற திருத்தத்தால் தமிழ்நாட்டில் அர்ச்சகர் நியமனத்தில் வாரிசுரிமை நீங்கிற்று. 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. இதைக் குறித்து வருந்துவோரும் உண்டு, மகிழ்வோரும் உண்டு. அடியேனுக்குத் தோன்றுவது இதுதான்: தகப்பனிடமிருந்து உரிமையாக வருவது நின்றுவிட்டது, பொறுப்பாக வருவதை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை.

இனித் துணிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெறுவதற்காக எம்பெருமானார் பதினெட்டு முறை நடந்தார். பெற்ற பின், ஆசார்யனுடைய ஆணையை மீறினால் நரகம் என்று தெரிந்திருந்தும், ஆசையுடையோர்க்கெல்லாம் அந்த அர்த்தத்தை வெளியிட்டருளினார். தாம் ஒருவர் வீழ்ந்தாலும் பலர் உய்வர் என்பதே அவர் திருவுள்ளம். இங்கே கணக்கைப் பாருங்கள்: நஷ்டம் தமக்கு, லாபம் பிறர்க்கு. அதனால்தான் முனிந்து வந்த நம்பியும் அவரை அணைத்துக்கொண்டார்.

மேல்நாட்டில் செல்வமும் புகழும் மிக்க அத்வைத பண்டிதராக விளங்கியவர் மாதவாசார்யர். பராசர பட்டரிடம் வாதில் தோற்று அவருக்குச் சிஷ்யரானார். பின்னர் யாவற்றையும் விட்டுத் துறவு பூண்டு நஞ்சீயர் ஆனார். அவரும் வெறுமனே உதறிவிட்டுப் புறப்படவில்லை. தம் செல்வத்தை மூன்றாகப் பங்கிட்டு, இரண்டு பங்கை இரு தேவிமாருக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாம் பங்கை ஆசார்யனுக்கென எடுத்துக்கொண்டு சென்றார் என்பர். மோக்ஷ மார்க்கத்தில் செல்பவரே தாம் விட்டுச் செல்வோருக்கு வழிவகை செய்தார் என்றால், சம்பளம் தேடிச் செல்லும் நாம் அதனை மறக்கலாமா?

ஆக, ஸேவார்த்திகளின் கேள்விக்கு அடியேன் காணும் விடை இதுவே. போவதா, இருப்பதா என்று கேட்பதற்கு முன், இத்துணிவின் பாரம் யார் தோளில் விழும் என்று கேட்க வேண்டும். தன் தோளில் விழுமாயின் தாராளமாகத் துணியலாம். பிறர் தோளில் விழுமாயின், அவர்களைக் கேட்காமல் ஓர் அடியும் எடுத்துவைத்தலாகாது. இந்தக் கணக்கு போகிறவனுக்கு மட்டுமன்று; இருக்கிறவனுக்கும் உண்டு. அச்சத்தால் பழைய தொழிலிலேயே ஒடுங்கிக் கிடந்து, அக்கசப்பை மனைவி மக்கள்மீது நாள்தோறும் கொட்டுகிறவன் பரம்பரையைக் காப்பவன் அல்லன். கட்டாயத்தால் நிறுத்தப்பட்ட பிள்ளை பெருமாளுக்குச் செய்யும் ஆராதனத்தில் கை இருக்கும், நெஞ்சு இராது.

சென்ற ஆண்டு அடியேனுடைய குமாரன் வந்து எதிரில் நின்றான். வயது இருபத்திநான்கு. ஆகமமும் கற்றவன், இயந்திரத் தொழிற்கல்வியும் பயின்றவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். அடியேனுக்குச் சினம் மூண்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அப்பா, நீங்களும் போனவர்தானே?" என்றான். அதில் ஏளனம் இல்லை. உள்ளே சென்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தகப்பனாரின் தோள்தான் கண்முன் நின்றது.

மாலையில் அவனை அழைத்து, "போ. ஆனால் கிணற்றடியில் குடம் தூக்க ஓர் ஆள் வரும்வரை பொறுத்துப் போ" என்றேன். அவன் தாயாரையும் கேட்கச் சொன்னேன். அடியேன் கேட்கத் தவறியதை அவனாவது கேட்கட்டும் என்று. அவன் பொறுத்தான். வேறு ஊரிலிருந்து பாடசாலை மாணவன் ஒருவனும், உறவில் ஒரு பையனும் அடியேனிடம் ப்ரயோகம் கற்க வந்தார்கள். மூத்தவனுக்குத் திருவாராதன க்ரமம் கைவரும்வரை எட்டு மாதங்கள் குமாரன் உடனிருந்தான். முதலில் கிடைத்த வேலை அதற்குள் கைநழுவிப் போயிற்று. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பின்னர் கிடைத்தது சம்பளம் குறைந்த வேறொரு வேலை. தன் துணிவின் பாரத்தை அவன் தானே சுமந்தான். அடியேன் செய்யாததை அவன் செய்தான் என்று இம்மலரில் எழுதுவதில் தகப்பனுக்கு வெட்கமில்லை.

பாகவதோத்தமர்களே! இன்றிரவு கருட ஸேவையின்போது ஸ்ரீபாதம்தாங்கிகளைச் சற்றே உற்று நோக்குங்கள். முதலில் தூக்கியவர்களே கடைசிவரை தூக்குவதில்லை. வீதி முனையில் தோள் மாற்றுவார்கள். களைத்தவர் விலகுவது குற்றமன்று. புதியவர் நுழைவதும் குற்றமன்று. ஆனால் அடுத்தவர் தோள் தண்டின் கீழ் வந்து அமரும்வரை முன்னவர் தம் தோளை எடுக்கமாட்டார். அதனால்தான் எம்பெருமான் ஆடினும் அசைவதன்றி, ஒருபோதும் சாய்வதில்லை. நம் முன்னோர் வழியும் அவ்வாறு தோள் மாறித் தோள் மாறியே இவ்வளவு தூரம் எழுந்தருளியிருக்கிறது.

பத்து நாள் விடுப்பில் குமாரன் வந்திருக்கிறான். இடப்புறத் தண்டில் மூன்றாவதாக நிற்பான். அவன் பின்னால், தோள் மாற்றக் காத்திருக்கும் சிறுவனையும் காண்பீர்கள். அவர்கள் இருவருக்கும், உங்கள் இல்லங்களில் இதே கேள்வியோடு நிற்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு விடை சொல்ல வேண்டிய பெற்றோர்களுக்கும் தாயாரும் பெருமாளும் நல்ல தெளிவை அருள வேண்டும் என்று திருவடிகளில் ப்ரார்த்திக்கிறேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

அடியேன் ராமாநுஜதாஸன்.