விலை பேசக்கூடாத கல்

சாளக்கிராமத்தை விலைக்கு வாங்குவது பாவம், விற்பது பாவம், இது இவ்வளவு பெறும் என்று மதிப்புச் சொல்வதும் பாவம் என்பது வைணவ மரபின் விதி. தந்தையிடமிருந்து மகனுக்கோ, ஆசாரியனிடமிருந்து சீடனுக்கோ, தானமாகக் கொடுப்பவரிடமிருந்து பெறுபவருக்கோ மட்டுமே அது கைமாறலாம். நிலவியலாளர் கையில் அதே கல் ஒரு புதைபடிவம். கரிய களிப்பாறை உருண்டைக்குள் சுருண்டு கிடக்கும் அம்மோனைட் அது. கணவாய்க்குத் தூரத்து உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி. புதைபடிவங்களும் தாதுக்கற்களும் இன்று பண்டிகைக்கால அன்பளிப்புகளாகக் கடைகளில் விற்கின்றன. மண்ணையும் மலையையும் விரும்பும் ஒருவருக்குக் கல்லைப் பரிசாகத் தேடுபவர் முன் நிற்கும் கேள்வி, சாளக்கிராம விதிக்குள் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்விதான்: ஒரு கல்லைக் கொடுக்கும்போது கொடுக்கப்படுவது எது? அதைக் கொடுக்கும் உரிமை யாருக்கு?

சாளக்கிராமம் கிடைக்கும் இடம் நேபாளத்தின் காளி கண்டகி ஆறு. அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் இடையே பாயும் அந்த ஆறு, முக்திநாத் இருக்கும் முஸ்தாங் பகுதியின் பாறை அடுக்குகளை அரித்து உருண்டைகளை அடித்து வருகிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை டெதிஸ் என்று நிலவியலாளர் பெயரிட்ட கடலின் அடிச்சேறு. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மோதலில் கடலடி மலையாக எழுந்தது. முக்திநாத் இன்று ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புராணம் இதை வேறு விதமாகச் சொல்லும். துளசியின் சாபத்தால் திருமால் கல்லானார், துளசி கண்டகி நதியானாள், வஜ்ரகீடம் என்னும் புழு அந்தக் கல்லைக் குடைந்து சக்கரங்களைச் செதுக்கியது. கல்லுக்குள் இருக்கும் சுருள் ஓர் உயிரின் வேலை என்று புராணமும் கண்டுகொண்டது என்பதைக் கவனிக்கலாம். உயிர் குடைந்தது என்றது அது. உயிரே கல்லானது என்கிறது நிலவியல்.

முக்திநாத் தலத்தைத் திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களில் பாடியிருக்கிறார். ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் சாளக்கிராமத்தை உவமையாக எடுக்கிறார். எங்கும் நிறைந்த பிரம்மத்தை இதயம் என்ற சிற்றிடத்தில் இருப்பதாக உபநிடதம் சொல்வது எப்படிப் பொருந்தும் என்ற ஐயத்துக்கு, கல்லில் ஹரியைத் தியானிப்பதைப் போல என்பது அவர் விடை. கல்லுக்குள் கடவுள் அடைபட்டுவிடுகிறார் என்பதல்ல இதன் பொருள். அளவற்றதை நினைக்க அளவுள்ள ஒன்று துணையாகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அம்மோனைட்டைப் பார்த்து ஒரு கடலையும் 15 கோடி ஆண்டுகளையும் நினைப்பவரும் ஏறத்தாழ அதையே செய்கிறார். இருவர் வணங்குவதும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பக்தருக்கு அது சன்னிதி, நிலவியலாளருக்குச் சான்று. சின்னப் பொருள் பெரியதைக் காட்டும் விதத்தில்தான் ஒற்றுமை.

அப்படியானால் விலை ஏன் கூடாது? கடவுளுக்கு விலை வைக்கலாகாது என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் அது போதாது. ஐம்பொன் விக்கிரகத்துக்கு ஸ்தபதி கூலி வாங்குகிறார், அதில் யாரும் பாவம் காண்பதில்லை. மனிதர் வார்த்த உருவத்தில் பிரதிஷ்டைக்குப் பிறகே தெய்வம் எழுந்தருளுகிறது, கூலியோ அதற்கு முந்தைய உழைப்புக்கு உரியது. சாளக்கிராமம் தானாகவே வெளிப்பட்டது. அதற்குப் பிரதிஷ்டை தேவையில்லை, அதை உண்டாக்கிய கையும் இல்லை. எனவே விலை கேட்கும் தகுதி எவருக்கும் வருவதில்லை. இயற்கையில் கிடக்கும் பொருளோடு ஒருவர் உழைப்பு கலந்ததும் அது அவருடைமை ஆகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வாதிட்டார். மரத்தடியில் ஓக் கொட்டையைப் பொறுக்குபவருக்கு, பொறுக்கிய செயலாலேயே அது சொந்தம். சாளக்கிராம விதி இதை ஏற்காது. குளிர்ந்த ஆற்றில் இறங்கித் தேடியவர் தம் சிரமத்துக்கு ஏதேனும் பெறலாம், கல் அவருடையதாகிவிடாது. நடைமுறையில் சம்பாவனை என்ற பெயரில் பணம் கைமாறத்தான் செய்கிறது, கடைகளில் வெளிப்படையாகவே விற்பனையும் நடக்கிறது. விதி மீறப்படுகிறது என்பதால் அது கண்ட வேறுபாடு பொய்யாகிவிடாது.

அம்மோனைட்டை வேறு ஊர்களும் தத்தம் தெய்வத்தோடு சேர்த்தே பார்த்தன. எகிப்தின் அமுன் தெய்வத்தின் ஆட்டுக்கடாக் கொம்புதான் அதன் பெயருக்கு மூலம். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில், 7ஆம் நூற்றாண்டுத் துறவி ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்ற கதை வழங்கியது. அங்கே கிடைத்த கற்களுக்குத் தலை இல்லாததால், உள்ளூர்க் கைவினைஞர்கள் பாம்புத் தலையைச் செதுக்கி வருவோரிடம் விற்றார்கள். நம்பிக்கைக்கேற்பக் கல்லைத் திருத்திய அந்த உளி இன்றும் ஓயவில்லை. பிசினால் வார்த்த மொராக்கோ டிரைலோபைட்டும், சாயமேற்றிய அகேட் துண்டும், செவ்வந்திக்கல்லைச் சூடேற்றி மஞ்சளாக்கிய சிட்ரினும் அன்பளிப்புப் பெட்டிகளில் ஏறிவிடுகின்றன.

போலியைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பில்லாத புதைபடிவம் அசலாகவே இருந்தாலும் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயனற்றது. அதன் வயதையும், உடன் வாழ்ந்த உயிர்களையும், கடலின் ஆழத்தையும் சொல்வது அது கிடந்த அடுக்கு. கண்டகியில் எடுத்ததல்லாத கல்லைச் சாளக்கிராமமாக ஏற்காத வைணவரும் முதலில் கேட்பது இடத்தைத்தான். சந்தை கல்லை எடுத்துக்கொண்டு இடத்தை விட்டுவிடுகிறது. மெருகேற்றிய கல்லும் மினுங்கும் பெட்டியும் வந்துசேரும், கல்லின் பாதி வந்துசேராது.

அடுத்தது உரிமை. நியாயமாக ஈட்டிய பொருளையே தானம் செய்யலாம் என்பது தரும நூல்களின் நிபந்தனை. பிறர் பொருளைக் கொடுப்பவருக்குப் புண்ணியம் இல்லை. பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் சொத்து. மங்கோலியாவிலிருந்து கடத்தப்பட்ட டார்போசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு 2012இல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போய், மறு ஆண்டு அந்த நாட்டுக்கே திரும்பியது. மியான்மரின் கச்சின் மாநிலத்தில் கிடைக்கும் 9.9 கோடி ஆண்டுப் பழமையான அம்பருக்குள் பூச்சிகள் அச்சுக் குலையாமல் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுரங்கப் பகுதி உள்நாட்டுப் போரில் சிக்கியது. 2017க்குப் பிறகு வெளிவந்த அம்பரைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று 2020இல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. அந்த அம்பரைப் பதக்கமாகப் பரிசளிப்பவருக்கு இது எதுவும் தெரியாமலிருக்கலாம். கல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கியது அவர் தவறுதான்.

விற்பனையே கூடாது என்று முடித்துவிடவும் இயலாது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தோண்டி விற்றுப் பிழைத்த மேரி ஆனிங் (1799–1847) இல்லையென்றால் இக்தியோசார், பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றை அறிவியல் அறிந்த கதை வேறாக இருந்திருக்கும். அவர் விற்றது கல்லோடு சேர்ந்த அறிவை. எந்தப் பாறையில் எப்படிக் கிடந்தது என்பதை அவரைவிடத் தெரிந்தவர் அங்கே குறைவு. தமிழ்நாட்டின் அரியலூர் இன்னொரு விதமான உதாரணம். 1862இல் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு விவரித்த அந்தப் பகுதியின் கிரெட்டேசியக் காலச் சுண்ணாம்புக்கல் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. அரைபடப்போகும் பாறையிலிருந்து ஓர் அம்மோனைட்டை அனுமதியோடு எடுத்து, சுரங்கத்தின் பெயரும் அடுக்கும் தேதியும் எழுதிக் கொடுப்பதை மீட்பு என்றே சொல்லலாம். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் கிடக்கும் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரத்துண்டில் ஒரு சில்லைப் பெயர்த்து வருவது திருட்டு. கல்லின் அளவோ அழகோ இவ்விரண்டையும் பிரிப்பதில்லை.

கல்லே வேண்டாம் என்று வைத்தால் வழிகள் சுலபமானவை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், பெறுபவரின் சொந்த மாவட்டத்து நிலவியல் வரைபடம், கல்மரம் உள்ள சாத்தனூருக்கோ திருவக்கரைக்கோ ஒரு நாள் பயணம் ஆகியவை கல்லை அதன் இடத்தில் விட்டுவிட்டு அதைப் பார்க்கும் கண்ணைக் கொடுக்கின்றன. விலை குறைந்த இந்த லென்ஸ், மேசைமேல் நிறுத்தும் செவ்வந்திக்கல் கூட்டைவிட நல்ல பரிசு.

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரத் தேசியப் பூங்காவுக்கு, முன்பு எடுத்துப்போன துண்டுகளை மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பிவைப்பவர்கள் உண்டு. எங்கே எடுத்தது என்று தெரியாததால் பூங்கா அவற்றைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. தனியே ஒரு குவியலாகக் கொட்டிவைக்கிறது. பூசிக்க ஆளில்லாமல் போன வீட்டுச் சாளக்கிராமம் கோயிலுக்கோ வேறொரு குடும்பத்துக்கோ கொடுக்கப்படுகிறது. அதற்கும் வழியில்லாதபோது அதை ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம்.