பிழைக்க வந்தவள்

இத்தலாரில் படுகு பேசி வளர்ந்தவள் நான். விரிவுரையாளர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது முப்பது வயது. வீடு தேடிய இடங்களிலெல்லாம் ஒரே கேள்விகள்: “தனியாவா இருக்கப் போறீங்க? கல்யாணம் ஆகலையா? யாரெல்லாம் வந்து போவாங்க?”

ஒருவழியாகக் கிடைத்த வீட்டின் மாடியில் கொரியப் பொறியாளர் ஒருவர் குடியிருந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. அவரும் தனி ஆள்தான். நள்ளிரவில் வந்தாலும் அவருக்கு கேட் திறக்கும். எனக்குப் பத்து மணிக்குப் பூட்டு. காரணம் கேட்டேன். வீட்டுக்கார அம்மா சொன்னார்: “அவர் எக்ஸ்பாட்மா.”

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். தந்தையர் நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்று பொருள். அவர் நாட்டைவிட்டு வந்தவர். நான் மலையைவிட்டு வந்தவள். இருவரும் வந்தது வேலைக்குத்தான். ஆனால் அவர் எக்ஸ்பாட், நான் பிழைக்க வந்தவள். தந்தையர் நாடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்ததுதான் என்ன? அப்பாவின் தேயிலைத் தோட்டம் அண்ணன் பெயரில் இருக்கிறது.

வந்தவருக்கு என்ன பெயர் என்பதை வைத்தே மரியாதையும் அளக்கப்படுகிறது. 1819இல் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். அவரைப் பிழைக்க வந்தவர் என்று எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என்று முடிவுசெய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. பலர் பிறந்ததே இலங்கையில்தான். அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர். பெண்கள் அங்கேயும் கொழுந்து பறித்தார்கள், இங்கேயும் கொழுந்து பறித்தார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் ஆவேசமாகப் பேசுவேன். போன மே விடுமுறையில் ஊருக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா அவர்களை ‘ஹிந்திக்காரிகள்’ என்றார். நான்கு நாள் நானும் அப்படியே சொன்னேன், பெயர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அண்ணன் சொன்னார்: “ஆறு மணிக்கு மேல வெளிய போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். லைன் வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. ஏதாவது ஆனா நமக்குத்தானே பொறுப்பு?”

சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் சென்னை கேட் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவும் இதே பொறுப்பைத்தான் சொல்லியிருப்பார்.

தமிழில் ‘விருந்து’ என்றால் முதலில் புதுமை. பிறகு, புதிதாக வந்தவர். பணக்காரர் என்றோ நம்மவர் என்றோ அந்தச் சொல்லில் இல்லை. பிடிக்காவிட்டால் வேறிடம் போய்விடக் கூடியவரிடம் பணிவாக நடப்பது வியாபாரம். போக வழியில்லாதவளிடம் எப்படி நடக்கிறோம் என்பதே ஒரு நகரத்துக்கும் ஓர் ஊருக்கும் ஒரு வீட்டுக்கும் உரைகல். பூட்டுக்குள் வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது. பொறுப்பு உண்மையென்றால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

“சாவி அவங்க கையில இருக்கட்டும்ண்ணா,” என்றேன். அண்ணன் சிரித்தார். மறுநாள் காலை நான் ஊட்டி பஸ் ஏறிவிட்டேன். சாவி இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது என்று அம்மா போனில் சொன்னார். அந்தப் பெண்களின் பெயர்களை அப்போதுதான் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.