அடுத்தவர் தலைக்கு மேலே

மனிதன் செய்த கருவிகளுள் சில, தாம் பிறந்த நோக்கம் முடிந்த பின்னரும் வாழ்கின்றன. போர்வாள் சுவருக்கு அணியாகிறது. கோட்டை, காண வருவோரின் உலாவிடமாகிறது. ஆயினும் சுவரில் தொங்கும் வாள் யாரையும் வெட்டுவதில்லை. போர் முடிந்த பின்னும் பறந்துகொண்டிருக்கும் போர் விமானத்தைக் குறித்து இவ்வாறு சொல்லிவிட முடியுமா?

பி-51 மஸ்டாங் என்னும் அமெரிக்கப் போர் விமானம் 1940ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. மெர்லின் என்ஜின் பொருத்தப்பட்ட பிறகு, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக பெர்லின் வரை சென்று திரும்பும் ஆற்றலைப் பெற்றது. 15,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஜெட் விமானங்கள் வந்ததும் அவற்றின் காலம் முடிந்தது. எஞ்சிய சிலவற்றை ஆர்வலர்கள் வாங்கினர், துருவை நீக்கினர், தகடு தகடாகப் புதுப்பித்தனர். இன்று அவை வான்காட்சிகளில் பறக்கின்றன, பந்தயங்களிலும் ஓடுகின்றன.

இதில் குற்றம் காண நாம் விரும்பவில்லை. முன்னோர் கைவினையைக் காப்பது நற்செயலே. கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒன்று, கண்டு மகிழ்வதற்கு உரியதாக மாறுவதும் வரவேற்கத்தக்கதே. நம் கேள்வி வேறு. அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார்?

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஒகையோ மாநிலத்து கிளீவ்லாந்து நகரில் விமானப் பந்தயம் நடந்தது. உலகைத் தனியாகச் சுற்றிவந்து புகழ்பெற்ற பில் ஓடம், வேகத்திற்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரு மஸ்டாங்கை ஓட்டினார். இரண்டாம் சுற்றில் விமானம் கட்டுக்கு அடங்காமல் புரண்டு, பெரியா என்னும் புறநகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஓடம் இறந்தார். அவரோடு, அவ்வீட்டிலிருந்த ஒரு தாயும், ஒரு வயதைச் சற்றே கடந்த அவளுடைய குழந்தையும் இறந்தனர்.

ஓடம் ஆபத்தை அறிந்து ஏறியவர். அந்தத் தாயோ பந்தயம் காணப் போனவள் அல்லள். பரிசில் அவளுக்குப் பங்கில்லை. தன் வீட்டுக்குள் இருந்ததைத் தவிர அவள் செய்தது எதுவுமில்லை.

கிளீவ்லாந்துப் பந்தயம் அந்த ஆண்டோடு நின்றது. 1964இல் நெவாடா மாநிலத்து ரெனோவில், வீடுகள் அருகிய பாலை வெளியில், இவ்வகைப் பந்தயம் மீண்டும் தொடங்கியது. வீட்டிலிருப்போரைக் காக்க அது ஒரு வழிதான். ஆனால் பந்தயம் என்றால் பார்வையாளர்கள் இருப்பார்களே!

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், முன்பு கிளீவ்லாந்திலும் ஓடிய மற்றொரு மஸ்டாங், மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் ரெனோவில் பறந்துகொண்டிருந்தது. அதன் வாலிலுள்ள சிறு சமன்தகடு படபடத்து முறிந்தது. விமானம் திடீரென மேல்நோக்கிப் பாய்ந்தது. தம் எடையைப்போல் பதினேழு மடங்கு விசை தாக்க, விமானி செயலிழந்தார். விமானம் பார்வையாளர் பகுதியில் வந்து விழுந்தது. விமானியுடன் பார்வையாளர் பத்துப்பேர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அரசின் விசாரணை கண்ட காரணம் என்ன? சமன்தகட்டைத் தாங்கும் திருகாணிகளைப் பிடித்திருந்த நட்டுகள் நாட்பட்டு நைந்திருந்தன, திருகாணிகள் தளர்ந்தன. வேகத்திற்காகச் செய்யப்பட்ட பெரிய மாற்றங்களோ முறையாகப் பதிவு செய்யப்படவில்லை, சோதித்துப் பார்க்கப்படவுமில்லை.

"பார்வையாளர்கள் தாமாக விரும்பித்தானே வந்தார்கள்? பேருந்தில் ஏறினாலும் ஆபத்து உண்டே!" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பேருந்தின் பயனையும் ஆபத்தையும் நாம் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். பந்தயத்திலோ பெருமை ஒருவருக்கு, இழப்பு இன்னொருவருக்கு. இருக்கையில் அமர்ந்தவர், விமானம் வேகமாகப் பறக்கும் என்பதை அறிவார்; அது விழக்கூடும் என்பதையும் ஓரளவு அறிவார். வாலில் ஒரு நட்டு நைந்திருப்பதை அவர் அறிவாரா? அறியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சம்மதித்தவர் ஆவார்? சம்மதம் என்பது அறிவு சென்ற தூரம் வரைதான் செல்லும். அதற்கு அப்பால் இருப்பது நம்பிக்கை. நம்பிக்கையைப் பெற்றவன் கையில் பிறர் உயிர் அமானிதமாகிவிடுகிறது.

ஆகவே பந்தயத்தைத் தடை செய்துவிட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. தன் உயிரைத் துணிந்து பணயம் வைப்பவனைப் புகழலாமா, இகழலாமா என்பது தனி வழக்கு. பிறர் உயிரைப் பணயம் வைக்க எந்தத் துணிவுக்கும் உரிமையில்லை என்பதில் மட்டும் வழக்கில்லை. சம்மதம் கேட்க இயலாதவர் தலைக்கு மேலே பறக்கலாகாது. நம்பி வந்தவர் முன்னே பறப்பதானால், அவர் காணமுடியாத இடத்தையும் அவருக்காகக் கண்டிருக்க வேண்டும்.

ரெனோவில் பந்தயம் 2023ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி விமானக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் தடுப்புக்கட்டையைச் சோதிக்காதவனும், சிமென்ட்டைக் குறைத்து மாடி எழுப்புபவனும், காலம் கடந்த மருந்தை விற்பவனும் இதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களே. அவர்களை நம்பியவர்களும் எதையும் அறியாமல்தான் நம்பினார்கள்.

வானில் பாய்வதைக் கண்டு கைதட்டுகிறோம். அதை வீரம் என்கிறோம். புறப்படுவதற்கு முன், யாரும் பாராத வேளையில், குனிந்து ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்து, "இது தேய்ந்துவிட்டது, இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்கிறவனுக்குக் கைதட்டுவோர் இல்லை. எனினும், அன்று மாலை பார்வையாளர் எல்லோரும் வீடு திரும்புவது அவனால்தான்.