இரண்டு நாள் உறவு

தவக்காலத்திலும் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டியும் சமவெளிப் பங்குகளின் இளைஞர் இயக்கத்தினர் நீலகிரிக்குச் சேவைப் பயணம் வருவது வழக்கமாகியிருக்கிறது. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், நடுவட்டத்தின் வளைவுகளில் அவர்களுடைய வாடகை வண்டி இறங்கும்போதே பாட்டொலி கேட்கும். குழந்தைகள் இல்லம் ஒன்றில் இரண்டு நாள் தங்குவார்கள். சுவருக்கு வண்ணம் பூசுவார்கள்; விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள்; ஒரு வேளை பிரியாணி சமைத்துப் பரிமாறுவார்கள். (ஒரே சுவர் ஓராண்டில் மூன்று நிறம் கண்டதையும் நாம் அறிவோம்.) ஊர் திரும்பியபின் ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவர்களுள் ஒருவர் தம் அனுபவத்தைப் பகிர்வார். கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம் என்ற கருத்து அதில் தவறாமல் இடம்பெறும். கேட்போர் கண்கலங்குவர்.

அவ்வாறு பெற்றுக்கொண்டு வந்தது உண்மையெனில், அவர்கள் பெற்றது எது? அதைக் கொடுத்தவர் யார்? கொடுத்ததனால் அவருக்குக் குறைந்தது ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை அந்த இளைஞர்கள் எழுப்புவதில்லை. அவர்களை அனுப்பிவைக்கும் நாமேனும் எழுப்பியாக வேண்டும்.

ஒரு செயலை மதிப்பிட அதன் நோக்கம் ஒன்றே போதாது, செய்யப்படுவது எது என்பதையும் சூழ்நிலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று குருமடத்து அறநெறி வகுப்பில் நமக்குக் கற்பித்தார்கள். இளைஞர்களின் நோக்கத்தில் மாசில்லை. விடுமுறையைத் திரையரங்கில் கழிக்காமல் மலையேறி வந்து பாத்திரம் துலக்குகிறவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் சூழ்நிலை என்பது இங்கே ஓர் ஆறு வயதுக் குழந்தை. வண்டியிலிருந்து இறங்கும் முன்பின் அறியாதவரிடம் ஓடிவந்து, கையைப் பற்றிக்கொண்டு, "அக்கா, நாளைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்கும் குழந்தை.

அதைக் கண்டு நாம் நெகிழ்கிறோம். குழந்தை மருத்துவமோ அங்கே எச்சரிக்கை அடைகிறது. நிலையான தாய்மை அரவணைப்பின்றி நிறுவனங்களில் வளரும் சிசுக்கள், உணவும் தூய்மையும் குறைவின்றிக் கிடைத்தும் நலிந்துபோவதை மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் எடுத்துக்காட்டினார். போர் முடிந்த ஐரோப்பாவில் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி அளித்த 1951ஆம் ஆண்டு அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. யாரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு, நிலைத்த உறவு கிட்டாததன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பது இன்று மருத்துவ நூல்கள் கூறும் செய்தி. அந்தக் குழந்தையின் பிடி நமக்குத் தரப்பட்ட பரிசு என்று எண்ணிவிடுகிறோம். அது ஒரு காயமாகவும் இருக்கலாம்.

இல்லமொன்றில் நெடுங்காலம் பணியாற்றிய அருள்சகோதரி ஒருவர் நம்மிடம் சொன்னது மறக்கவில்லை: "வண்டி போன பிறகு வாசலிலேயே நிற்கிற பிள்ளைகளை உள்ளே கூட்டி வருவதுதான் ஃபாதர் எங்களுக்குக் கஷ்டமான வேலை. அடுத்த குழு வரும்போது சின்னதுகள் மட்டும் ஓடும். பெரிய பிள்ளைகள் அறையைவிட்டு வரமாட்டார்கள்." அந்தப் பெரிய பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்றே விருந்தினர்கள் கருதுவார்களாம். சிலர் அவர்களை நன்றியற்றவர்கள் என்றும் பேசுவதுண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 'அநாதை இல்லம்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்குள்ள குழந்தைகள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தாயோ தந்தையோ, சிலவேளை இருவருமோ, தேயிலைத் தோட்டத்தில் உயிரோடு இருப்பார்கள். இந்த மலை பெயர்த்து நடப்பட்டவர்களின் மலை என்பதை நினைவில் கொள்வது நல்லது. நடுவட்டத்தில் 1860களில் தழைத்த சின்கோனா மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அத்தோட்டத்தில் உழைத்தவர்களுள் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட தமிழர்களின் மறுவாழ்வுக்காக, 1968இல் தொடங்கி அரசே இம்மலையில் தேயிலை பயிரிட்டது. அத்தகைய குடும்பங்களின் லைன் வீடுகளில் கணவன் மறைந்தாலோ குடியில் மூழ்கினாலோ, கொழுந்து பறிக்கும் தாய் முதலில் இழப்பது பிள்ளையை உடன் வைத்திருக்கும் வசதியைத்தான். இல்லத்தில் சோறும் பள்ளியும் உண்டு என்று யாரோ சொல்ல, அவள் பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்து விடுகிறாள். உதகையில் 1858இல் தொடங்கிப் பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் காப்பகத்திலும், தந்தையை இழந்த படைவீரர் பிள்ளைகளோடு, சமவெளிப் பாசறைகளில் பெற்றோர் இருந்த பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அன்று பிரித்தது வெயிலும் நோயும்; இன்று பிரிப்பது வறுமை.

வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்பது ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளின் கருத்து. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழியாகவே கொள்கிறது. இங்கேதான் நம் பயணங்கள் வேறொரு நிறம் பெறுகின்றன. காண வருவோரும் நன்கொடையும் பெருகினால் இல்லங்களும் பெருகும். இல்லங்கள் பெருகினால் அவற்றை நிரப்பக் குழந்தைகள் தேவைப்படுவார்கள். கம்போடியாவில் 2005க்குப் பின் இதுவே நிகழ்ந்தது. அங்கு இல்லங்களில் இருந்த குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானம், இத்தகைய இல்லச் சுற்றுலாக்களையும் தன்னார்வப் பயணங்களையும் கண்டித்தே பேசியது. நம் மறைமாவட்டங்களின் இல்லங்கள் அவ்வாறானவை அல்ல என்று நாம் உடனே சொல்லத் துடிப்போம். சொல்லலாம், ஆனால் அந்தத் தாய்க்கு வேறு வழி ஏதேனும் காட்டப்பட்டதா என்று கேட்டுவிட்டுச் சொல்வோம்.

அப்படியானால் யாரும் போகவே கூடாதா என்று மூத்த குரு ஒருவர் நம்மைக் கடிந்துகொண்டார். மத்தேயு 25ஆம் அதிகாரத்தைக் கிழித்தெறியச் சொல்கிறீரா என்றும் கேட்டார். நியாயமான சினமே. நல்ல சமாரியனும் வழிப்போக்கன்தான். அவனும் ஓர் இரவுக்குமேல் தங்கவில்லை. ஆனால் புறப்படும்போது இரண்டு தெனாரியத்தைச் சாவடிக்காரனிடம் கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவதாக வாக்குரைத்தான். காயம்பட்டவனைத் தன் பொறுப்பிலிருந்து அவன் இறக்கிவைக்கவில்லை. குறைந்த நாள் தங்குவது குற்றமன்று. தங்கிய நாள்களின் விளைவை இன்னொருவர் தலையில் விட்டுச் செல்வதுதான் நம்மை உறுத்துகிறது. அன்பு என்பது மற்றவருக்கு நன்மையை விரும்புவது என்று, அரிஸ்டாட்டிலின் வழிநின்று புனித தோமா அக்குவினார் விளக்கினார். இரண்டு நாள் இருந்து திரும்பும் இளைஞனுக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. அவனது உருவாக்கத்திற்கு ஒரு குழந்தையின் ஏக்கம் பாடநூலாகலாமா என்பதே வினா.

அக்குழந்தையோடு படமெடுத்துப் பரப்புவதைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை மேற்சொன்ன சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது.

உண்மையாகவே யாருமற்ற குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு இல்லமே வீடு. மாதந்தோறும் வரும் ஒரே முகமே உறவினர். ஒரு பங்கிலிருந்து மூவர், ஆண்டுக்கணக்கில், கணக்குப் பாடம் சொல்லித்தர வந்தால் அது நாற்பது பேரின் கலைநிகழ்ச்சியை விஞ்சும். தாய் இருக்கும் பிள்ளைகளுக்கோ வேலை வேறிடத்தில் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குழந்தை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வழங்க வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, கணவனின் இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைவதற்கு ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய தாயால் அது எளிதில் இயலாது. கல்லூரி முடித்த நம் இளைஞர்களால் இயலும். ஆனால் அதில் பாட்டில்லை, படமில்லை. வட்டாட்சியர் அலுவலகத்து மரப்பலகையில் அரைநாள் காத்திருத்தல் மட்டுமே உண்டு.

இவ்வாண்டு பயணத்திற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஓர் இளைஞர் குழுவினர் வந்தார்கள். தென்மேற்குப் பருவமழை நடுவட்டத்தை மூடிவிடும் ஜூலையிலும், அதன்பின் ஒவ்வொரு மாதமும் வர இசைவோரின் பெயர்ப்பட்டியலை முதலில் கேட்டிருக்கிறோம். கூடிப் பேசிவிட்டுச் சொல்வதாகச் சென்றார்கள். நாற்பது பேரில் இதுவரை ஏழு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.