தூசியை ஊதுவதா, உறிஞ்சுவதா?

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் தச்சுப் பட்டறையில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும். அந்த நேரத்தில்தான் பட்டறையைச் சுத்தம் செய்வோம். வேலை பழக வந்த பையன் ப்ளோவரை எடுத்து மேஜை, ரம்பம், அலமாரிச் சட்டம் என்று ஒவ்வொன்றின் மேலும் காற்றை அடிப்பான். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் ஜன்னல் வெயிலைப் பார்த்தால் அதில் தூசி பால் கலந்த தண்ணீர்போல மிதந்துகொண்டிருக்கும். கதவைப் பூட்டும்போதும் அது இறங்கியிருக்காது. மறுநாள் காலையில் மேஜையில் விரலால் கோடு இழுத்தால் முகப்பவுடர் போன்ற படலம் விரலில் ஒட்டும். தூசி எங்கும் போகவில்லை; இரவெல்லாம் காற்றில் இருந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பல வருடம் இதைத்தான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மரவேலை, டைல்ஸ், பெயின்டிங், எலக்ட்ரிகல் என்று எந்த வேலையில் இருப்பவர்களும் இன்று கார்ட்லெஸ் வேக்குவம் வாங்கலாமா, டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கடைக்குப் போனால் பெட்டியில் அச்சிட்ட எண்கள்தான் முன்னால் நிற்கும். அந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டுமென்றால், முதலில் தூசியைப் பற்றித் தெரிய வேண்டும்.

மரத்தூள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல அளவு உண்டு. இழைப்பு மெஷினிலிருந்து வரும் சுருள் கையில் அள்ளக்கூடியது. ரம்பத்திலிருந்து வருவது மணல்போலக் கொட்டும். உப்புத்தாள் தேய்க்கும் சாண்டரிலிருந்து வருவதோ மாவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், அந்த மாவில் 10 மைக்ரானுக்கும் கீழே உள்ள துகள்கள் நிறைய இருக்கும். காற்று அசையாத அறையில், 100 மைக்ரான் துகள் நெஞ்சு உயரத்திலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகள் இறங்கப் பன்னிரண்டு மணி நேரம்போல ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியும் தூள் தானாக விழுந்துவிடுகிறது; மூச்சுக்குள் போகும் தூள்தான் நின்று மிதக்கிறது. சுமார் 4 மைக்ரானுக்குக் கீழ் உள்ளது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

போனால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை 1995-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்கு, மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் வரும் புற்று அது. காங்கிரீட்டிலும் கிரானைட்டிலும் இருக்கும் சிலிக்கா தூசி 1997-இல் அதே பிரிவுக்கு வந்தது. சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிச் சுருக்கும். அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை எந்த மருந்தும் ஆற்றாது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

ஆகவே தூசியை இடம் மாற்றுவதில் பயனில்லை, பிடிக்க வேண்டும். இந்த எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், ரயில்பெட்டி இருக்கைகளின் தூசியைக் காற்றடித்து விரட்டும் ஒரு மெஷினைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் தூசி வட்டமாகப் படிந்தது. 1901-இல் அவர் செய்த மெஷினிலிருந்துதான் இன்றைய வேக்குவம் கிளீனர் தொடங்குகிறது. நம் பட்டறைகள் பலவற்றில் இன்னும் பூத்துக்கு முந்தைய முறைதான் நடக்கிறது.

இரண்டு வேலை, இரண்டு மெஷின்

கீழே விழுந்த தூளை அள்ளுவது ஒரு வேலை. தூள் பிறக்கும் இடத்திலேயே, அதாவது பிளேடு மரத்தைத் தொடும் இடத்திலேயே பிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு வேக்குவம், இரண்டாவதற்கு எக்ஸ்ட்ராக்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே சக்கரம் வைத்த டப்பாவும் ஹோஸும்தான். ஆனால் வேக்குவம் சில நிமிடம் ஓடி நிற்பதற்காகச் செய்தது. எக்ஸ்ட்ராக்டர் சாண்டரோடு சேர்ந்து மணிக்கணக்கில் ஓடுவதற்காகச் செய்தது. எக்ஸ்ட்ராக்டரின் உடம்பிலேயே ஒரு சாக்கெட் இருக்கும். சாண்டரை அதில் செருகினால், சாண்டரை ஆன் செய்ததும் எக்ஸ்ட்ராக்டரும் ஓடத் தொடங்கும். நிறுத்திய பிறகும் சில நொடி ஓடி, ஹோஸில் தங்கிய தூளை இழுத்துவிட்டுத்தான் நிற்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். பெட்டியில் 1,400 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்த வீட்டு வேக்குவம் ஒன்றை வாங்கி, சுவரில் பட்டி தேய்க்கும் சாண்டரோடு மாட்டினோம். பத்து நிமிடத்தில் இழுவை செத்துவிட்டது. திறந்து பார்த்தால் ஃபில்டரின் மடிப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளை மாவு சிமென்ட் பூசியதுபோல அடைத்திருந்தது. மெஷினில் கோளாறு இல்லை, அதைத் தவறான வேலையில் மாட்டியது நான்தான்.

காற்றும் இழுவையும்

வாட் என்பது மெஷின் தின்னும் கரண்ட்டின் அளவு. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வேறு இரண்டு எண்கள் சொல்கின்றன. ஒன்று காற்றோட்டம்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது. மற்றொன்று இழுவிசை: எத்தனை கிலோபாஸ்கல் அழுத்தத்தில் இழுக்கிறது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது காற்றோட்டம். குறுகிய ஹோஸ், அடைபட்ட ஃபில்டர் ஆகியவற்றை எதிர்த்துக் காற்றை ஓட வைப்பது இழுவிசை. பெட்டியில் போட்டிருக்கும் காற்றோட்டம் பெரும்பாலும் ஹோஸே மாட்டாமல் அளந்தது. இழுவிசை வாயை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது. இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் வராது. வேலையில் கிடைப்பது நடுவில் எங்கோ இருக்கும்.

ஹோஸுக்குள் தூசி படியாமல் ஓட வேண்டுமென்றால் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்பது ஐரோப்பிய எக்ஸ்ட்ராக்டர்களின் அளவுகோல். 27 மில்லிமீட்டர் ஹோஸில் அந்த வேகம் வர நிமிடத்துக்குச் சுமார் 690 லிட்டர் போதும். 36 மில்லிமீட்டர் ஹோஸுக்கு 1,220 லிட்டர் வேண்டும். பெரிய பிளேனரில் மாட்டும் 100 மில்லிமீட்டர் குழாய்க்கோ 9,400 லிட்டர். சாண்டருக்கு வாங்கிய எக்ஸ்ட்ராக்டரைப் பெரிய பிளேனரில் மாட்டினால் சுருள் வாயிலேயே அடைத்துக்கொள்வது இதனால்தான். அதற்குப் பெரிய பை தொங்கும் டஸ்ட் கலெக்டர் தனியாக வேண்டும்.

சுவரில் ஒயர் பைப் புதைக்கக் காடி வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா 2016-இல் சிலிக்கா விதியைக் கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது என்பது வரம்பு. கையில் பிடித்து ஓட்டும் கிரைண்டருக்கு, சக்கரத்தின் விட்டத்தில் அங்குலத்துக்கு 25 கன அடி காற்றை நிமிடந்தோறும் இழுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 5 அங்குலச் சக்கரம் என்றால் நிமிடத்துக்கு 3,500 லிட்டருக்கும் மேல். கையில் தூக்கும் கார்ட்லெஸ் வேக்குவம்கள் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டாது. சுவர் வெட்டும் வேலைக்குச் சிறிய மெஷினை நம்புவது ஆபத்து என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஃபில்டர்

இழுத்த தூசி உள்ளேயே நிற்க வேண்டும். ஃபில்டர் சரியில்லாத வேக்குவம் முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும்; அதுவும் மூச்சுக்குப் போகும் மெல்லிய தூளை மட்டும் சலித்து ஊதும். ஐரோப்பாவில் இதற்கு மூன்று தரம் வைத்திருக்கிறார்கள். எல் வகுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை வெளியே கசியலாம். எம் வகுப்பில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு. எச் வகுப்பில் லட்சத்துக்கு ஐந்து பங்கு. தரையைப் பெருக்க எல் போதும். மரம், எம்டிஎஃப், பட்டி, காங்கிரீட் தூசிக்கு எம் வேண்டும். ஹோஸில் காற்றின் வேகம் குறைந்தால் எம் வகுப்பு மெஷின் ஒலி எழுப்பி எச்சரிக்கும். அந்த ஒலியே ஒரு பாதுகாப்பு. ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றுக்கு எச். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சாதாரண வேக்குவத்தால் தொடவே கூடாது.

ஹெப்பா என்ற சொல்லும் பெட்டிகளில் வரும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் உண்மையான ஹெப்பா. அதைவிடச் சிறிய துகள் தள்ளாடித் தள்ளாடி இழையில் முட்டி ஒட்டிக்கொள்ளும். பெரியது நேராகப் போய் மோதும். இரண்டுக்கும் நடுவே நழுவுவது 0.3 மைக்ரானைச் சுற்றிய அளவு என்பதால் அங்கே சோதிக்கிறார்கள். ‘ஹெப்பா மாதிரி’ என்று எழுதியிருந்தால், சதவீதம் எங்கே என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஃபில்டரைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே துணிப்பை போடுவது. கொட்டும்போது தூசி முகத்தில் அடிக்காது. மற்றொன்று, மெஷினுக்கு முன்னால் ஒரு சைக்ளோன் வாளி வைப்பது. காற்று அதில் சுழன்று இறங்கும்போது கனமான தூள் வாளியில் விழுந்துவிடும், மெல்லியது மட்டும் ஃபில்டருக்குப் போகும். இது மர அறுவை ஆலைகளின் பழைய உத்தி. ஜேம்ஸ் டைசன் அப்படி ஓர் ஆலையின் சைக்ளோனைப் பார்த்துத்தான் 5,127 மாதிரிகள் செய்து, பையில்லாத வீட்டு வேக்குவத்தைக் கொண்டுவந்தார்.

பேட்டரிக் கணக்கு

18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் 90 வாட் அவர் சக்தி இருக்கிறது. 300 வாட் மெஷினை அது 18 நிமிடம் ஓட்டும். 1,200 வாட் இழுக்கும் மெஷினை நாலரை நிமிடம்தான் ஓட்டும். நாள் முழுவதும் சாண்டர் ஓடும் பட்டறைக்கு ஒயர் வைத்த எக்ஸ்ட்ராக்டர்தான் சரி என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கார்ட்லெஸ் எங்கே உதவும்? கரண்ட் இணைப்பு வராத புது வீட்டுச் சைட்டில். ஏணி மேல் நின்று சீலிங்கில் துளை போடும்போது. மாடுலர் கிச்சன் மாட்டி முடித்து, வீட்டுக்காரர் வருவதற்குள் டிராயர் உள்ளே கிடக்கும் தூளை எடுக்கும்போது.

பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ் என்று பார்த்து, அது 18-ஐவிடப் பெரிது என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் வரிசையாக ஐந்து செல்தான். முழு சார்ஜ் ஏறிய கணத்தில் அளந்தால் 20, வேலையில் சராசரியாக அளந்தால் 18. உங்களிடம் ஏற்கெனவே எந்தக் கம்பெனியின் டிரில், கட்டர் இருக்கிறதோ, அதே பேட்டரியில் ஓடும் வேக்குவத்தை வாங்குங்கள். பேட்டரியும் சார்ஜரும் விலையில் பெரிய பங்கு. இரண்டு கம்பெனிப் பேட்டரி வைத்துக்கொண்டு சைட்டுக்குச் சைட் அலைவது வீண்.

ஒயர் மெஷின் வாங்குபவர் பிளக் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். 1,200 வாட் எக்ஸ்ட்ராக்டரில் 1,400 வாட் கட்டரைச் செருகினால், 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்கு மேல் போகும். 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: இரும்பு அறுக்கும் கிரைண்டரின் தீப்பொறியை, மரத்தூள் இருக்கும் மெஷினுக்குள் ஒருபோதும் இழுக்கக் கூடாது. பைக்குள் போன பொறி மெதுவாகக் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எரியும்.

யாருக்கு எது?

சைட் சைட்டாகப் போய் அலமாரி மாட்டுபவருக்கு, கீழே விழுந்த தூளை அள்ள, தன் பேட்டரியில் ஓடும் எல் வகுப்பு கார்ட்லெஸ் ஒன்று போதும். சாண்டர், ரவுட்டர், கட்டர் ஓடும் பட்டறைக்கு எம் வகுப்பு எக்ஸ்ட்ராக்டரும் ஒரு சைக்ளோன் வாளியும் வேண்டும். சுவர் வெட்டுபவர், பட்டி தேய்ப்பவருக்கு ஃபில்டரைத் தானே தட்டிச் சுத்தம் செய்துகொள்ளும் எம் வகுப்பு மெஷின்தான் வேண்டும், அதில் சமரசம் கூடாது. வாங்கப் போகும்போது உங்கள் சாண்டரையும் கையில் எடுத்துப் போங்கள். அதன் தூசி வாயில் ஹோஸ் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பொருந்தாத ஹோஸைத் துணி சுற்றிக் கட்டினால் பாதிக் காற்று அங்கேயே போய்விடும். எந்த மெஷின் வாங்கினாலும் என்95 முகமூடி கூடவே இருக்கட்டும்.

பணம் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களும் இன்று மாலையே ஒன்று செய்யலாம். ப்ளோவரை எடுக்காமல், தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொல்லுங்கள். மேஜையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எந்தப் பட்டறையிலும் சுத்தம் செய்யும் வேலை கடைசியாகச் சேர்ந்த பையனிடம்தான் வரும். நம்மைவிட முப்பது வருடம் அதிகமாக மூச்சுவிட வேண்டியவன் அவன். முதலாளிகளே, அடுத்த புது ரம்பத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு எக்ஸ்ட்ராக்டர் வாங்குங்கள்.